பாலத்தடித் தையற்கடை

"ஏம்மா, இது என் பேன்ட்டைத் தைச்ச டைலரம்மாதானே?"

ஒரு கையில் ரொட்டித் துண்டும் இன்னொரு கையில் அச்சடித்த அறிக்கையுமாகக் கணவர் இப்படிக் கேட்டபோது, வேஷக்காரி அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

வேஷக்காரி என்பது வெளியே வசவு. அவள் வேலை பார்த்த இடத்தில் அது பட்டம். போர்க்காலத்தில் படை முகாம்களில் சீரழிக்கப்பட்ட பெண்களின் சாட்சியங்களைத் திரட்டும் ஆவண மையம் அது. டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள், ஓடாத ஒரு மின்விசிறி, எப்போதும் பூட்டியே இருக்கும் ஓர் இரும்பு அலமாரி. பெண்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவதோடு அவள் வேலை முடியாது. அச்சுக்குப் போகும் முன்னால், சொன்னவள் யாரென்று அவள் சொந்த அக்கா படித்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி வேஷம் போட்டுவிட வேண்டும். காய்கறிக்காரி ரொட்டிக்கடைக்காரி ஆவாள். இரண்டு பையன்கள் ஒரு பெண் ஆவார்கள். கிழக்குப் பார்த்த வீடு மேற்கே திரும்பிக்கொள்ளும். நடந்ததில் மட்டும் கை வைக்கக் கூடாது. நாள், முகாம், செய்தவனின் பதவி எல்லாம் உள்ளது உள்ளபடி. இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இயக்குநரே சொல்வார். அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

"எந்த டைலரம்மா? அது நானா கற்பனை பண்ணி எழுதினது."

"கற்பனையா? பாலம் இறங்கினதும் இடது கைப் பக்கம் கடை. மெஷின் ஆடாம இருக்க அடியில செங்கல். ஒரே பொண்ணு, நர்ஸ் படிக்குது. எல்லாம் அப்படியே இருக்கே! நான் இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு அந்தக் கடைத் திரைக்குப் பின்னாடி நின்னதை நீ வேணா மறந்திருப்ப. நான் எப்படிம்மா மறப்பேன்?"

முட்டை கருகியது.

சில வருடங்களுக்கு முன் அந்த ஊருக்குக் களப்பணிக்குப் போனபோது கணவர்தான் காரை ஓட்டினார். இறங்கும்போது கதவில் மாட்டி அவர் பேன்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. மழை வேறு. எதிரே தெரிந்த தையற்கடைக்குள் இருவரும் ஓடினார்கள். தைத்து முடியும்வரை கணவர் திரைக்குப் பின்னால் நிற்க, அவள் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெஷினின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையற்காரி மகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். பிறகு மழை விட்டது, பேன்ட் வந்தது, எல்லாம் மறந்தும் போனது. மறந்தது என்று அவள் நினைத்தாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கற்பனை என்று அவள் அள்ளிப் போட்டதெல்லாம் அந்த மழை நாளின் மிச்சம்.

அறிக்கை வெளியாகி மூன்று வாரம் ஆகிவிட்டது. நாளேடுகள் அந்தச் சாட்சியத்தைத்தான் எடுத்துப் போட்டிருந்தன. அந்த ஊரில் அதைப் படிக்காத ஆள் இருக்க முடியாது. அந்தச் சாட்சி தையற்காரிதான் என்று ஊர் இந்நேரம் முடிவு கட்டியிருக்கும்.

அந்தச் சாட்சியத்தின் உண்மையான சொந்தக்காரி தையற்காரி அல்ல. அதே ஊரில் கார் ஓட்டக் கற்றுத் தருபவள். அந்தத் தொழிலில் அங்கே இருக்கும் ஒரே பெண். எல்லோருக்கும் அவள் டிரைவிங் டீச்சர். தொழிலை எழுதினால் வீட்டு விலாசத்தை எழுதியது போல. அதனால்தான் மூலைக்கு ஒன்றாகக் கிடைக்கும் தையல் தொழிலை அவளுக்குக் கொடுத்தாள் வேஷக்காரி.

சாட்சியம் எடுத்ததும் அந்தக் காருக்குள்தான். வீட்டில் கணவருக்கே தெரியாத விஷயத்தை வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. ஓட்டலில் உட்கார்ந்தால் ஊர் பார்க்கும். எனவே வேஷக்காரி பணம் கட்டி மாணவியாகச் சேர்ந்தாள். காரின் நெற்றியில் பயிற்சி வண்டி என்ற பலகை. உள்ளே இரண்டு பெண்கள். யாருக்கு என்ன சந்தேகம் வரும்? இருவரும் சாலையைப் பார்த்தபடியே இருந்தார்கள். யார் கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் டீச்சரால் சொல்ல முடிந்தது.

"கிளட்சை மெதுவா விடுங்க. அன்னிக்கு ரெண்டு பேர் வந்து என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. முன்னாடி லாரி, தூரம் விட்டுப் போங்க. அந்த ரூம்ல ஒரு கட்டில், ஒரு மேஜை."

எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசியில் சொன்னாள்:

"எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த முகாமோட இரண்டாம் அதிகாரி, அவன்தான், ஒரு பால் டின்னை எடுத்து ஓட்டை போட்டு என் முன்னாடி வெச்சான். 'குடிச்சிட்டுத் தூங்கு. ஒண்ணும் நடக்கல'ன்னான். இன்னிக்கு வரைக்கும் பால் வாடை எனக்கு ஆகாது. ஊரே கேலி பண்ணும், டீச்சர் வந்தா கறுப்பு டீதான்னு. ஏன்னு யாருக்கும் தெரியாது."

வேஷக்காரியின் கால் எதையோ மிதிக்க, கார் குலுங்கி ஒரு கம்பத்தை நோக்கிப் போனது. டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். "சாலையைப் பாருங்க, மேடம்" என்றாள், ஒன்றுமே சொல்லாதவள் போல.

ஊரே அறிந்த கறுப்பு டீ இருக்கும்போது பால் டின்னை எழுதலாமா? எழுதவில்லை. பால் டின்னை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்த மெஷினைப் போட்டாள். போட்ட கை அவளுடையது. மாட்டிக்கொண்டது வேறொருத்தி.

இயக்குநர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. விடுங்க. அடையாளங்கள் மாற்றப்பட்டிருக்குன்னு முன்னுரையில தெளிவா எழுதியிருக்கோம்."

"முன்னுரையை யார் சார் படிக்கிறாங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாற்பது பக்க முன்னுரையை எழுதியவர் அவர்.

"மறுப்பு வெளியிடலாம் சார். அந்தச் சாட்சி டைலர் இல்லைன்னு."

"வெளியிட்டா? டைலர் இல்லைன்னா வேற யாருன்னு ஊர் தேட ஆரம்பிக்கும். சின்ன ஊரு. ரெண்டே நாள்ல டீச்சர் வீட்டு வாசல்ல போய் நிக்கும். அந்த இரண்டாம் அதிகாரி இப்ப அங்கேயே இரும்புக்கடை முதலாளி, தெரியும்ல? அடுத்த வாரம் முகாம்ல நடந்ததை விசாரிக்கற குழு அங்க உட்காருது. டீச்சர் திரைக்குப் பின்னாடி இருந்து பேசுறதா ஒத்துக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"அதுக்குள்ள டைலரம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நீங்க அங்க போனீங்கன்னா, சந்தேகமா இருக்கறது உறுதியாயிடும். போகாதீங்க. இது என் உத்தரவு."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சொன்னதெல்லாம் சரியாக இருந்தும், ஒருத்தி தெரியாமலேயே இன்னொருத்திக்குக் கேடயமாக நிற்கிறாள். கேடயத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பீரோவில் கிடந்த ஒரு சட்டைத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு, காரை எடுத்தாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்தச் சாட்சியம்தானே.

பாலம் இறங்கியதும் இடது கைப் பக்கம். கடை அதே கடை. ஆனால் அன்று மழையிலும் இடமில்லாமல் நெருக்கியடித்த பெஞ்சு இன்று பட்டப்பகலில் காலியாகக் கிடந்தது. எதிர்ப்பக்கம் நடந்து போன இரண்டு பெண்கள் கடையைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்தார்கள்.

தையற்காரி ஐம்பதை ஒட்டியவள். கழுத்தில் அளவு டேப், மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காலுக்கு நூல் சுற்றியிருந்தது. துணியை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"எப்படித் தைக்கணும்?"

"தைக்க வரலைங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்ல வந்தேன்."

சொன்னாள். கணவரின் பேன்ட், மழை, செங்கல், அறிக்கை, எல்லாம். சாட்சி யார் என்பதைத் தவிர ஒன்றையும் மறைக்கவில்லை. தையற்காரி குறுக்கே பேசாமல் கேட்டாள். துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"போர் நடந்தப்ப நான் இந்த ஊர்லயே இல்ல, தெரியுமா? எங்க அக்கா வீட்ல இருந்தேன், கடலுக்கு அந்தப் பக்கம். ஒரு துப்பாக்கியைக்கூடக் கண்ணால பார்த்ததில்ல. சொன்னா யார் நம்புறா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?"

"மன்னிச்சிடுங்க."

"இருங்க, நான் இன்னும் பேசி முடிக்கல. முன்னெல்லாம் கை நீளம் ஒரு விரல் கூடினாலும் பொம்பளைங்க வந்து என்கிட்ட மல்லுக்கு நிப்பாங்க. இப்ப கோணலாத் தைச்சுக் குடுத்தாலும் 'நல்லாருக்குக்கா, பரவால்லக்கா'ன்னு வாங்கிட்டுப் போறாங்க. பாவமாம்! ஒருத்திகூட என்கிட்ட சண்டை போட மாட்டேங்கிறா. அதைவிடக் கேவலம் என்ன இருக்கு? என் பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணி, 'நிஜமாம்மா? சொல்லும்மா, நான் உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்'னு அழுவுறா. நான் பெத்தது என்னையே கேக்குது!"

வேஷக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனையோ பெண்களின் கண்ணீருக்கு முன் உட்கார்ந்து எழுதியவள்தான். அந்தக் கண்ணீர் எதற்கும் அவள் காரணமாக இருந்ததில்லை. இது முதல் தடவை.

"இது போதாதுன்னு அந்த இரும்புக்கடைக்காரன் வேற" என்றாள் தையற்காரி.

வேஷக்காரி நிமிர்ந்தாள். "யாரு?"

"பெரிய ஆளு. இந்தப் படியை மிதிச்சதே இல்ல. இப்ப வந்து சட்டை தைக்கணுங்கறான். அளவெடுத்தேன். மறுபடி வந்து கழுத்து சரியா வராது, இன்னொரு தரம் எடுங்கறான். அதுக்கப்புறமும் வந்தான். டேப்பைக் கழுத்தைச் சுத்திப் போடறப்ப என் மூஞ்சியையே உத்துப் பார்க்கறான். தப்பா இல்ல, அது வேற மாதிரி. எங்கயோ பார்த்த ஆளு, பேரு ஞாபகம் வரலைன்னா பார்ப்போம்ல, அப்படி. எனக்கு உடம்பெல்லாம் கூசுது. போறப்ப அதை வேற வெச்சிட்டுப் போறான்."

அவள் கை காட்டிய இடத்தில், நூல்கண்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், திறக்காத பால் டின்கள் வரிசையாக நின்றன.

இந்த முறை வேஷக்காரிக்காக பிரேக்கை அழுத்த டீச்சர் பக்கத்தில் இல்லை.

"அதை வெக்கறப்ப என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

"'குடிச்சிட்டுத் தூங்குங்க. ஒண்ணும் நடக்கல.' ஒவ்வொரு தரமும் இதேதான். கிறுக்கனா அவன்? நான் எதுக்கு..."

வாசலில் வெளிச்சம் மறைந்தது.

வெள்ளைச் சட்டை, வாரிய நரைமுடி, கையில் ஒரு காகிதப் பை. எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசையில் உட்கார வைக்கும் முகம். அவன் முதலில் பெஞ்சைப் பார்த்தான், பிறகு வேஷக்காரியை.

"ஆள் இருக்காங்களா? இவங்க யாரு?"

தையற்காரி நினைத்திருந்தால் அந்த நிமிடமே எல்லாவற்றிலிருந்தும் விடுபட்டிருக்கலாம். 'நான் இல்லைங்க. இதை எழுதினவளே இதோ உட்கார்ந்திருக்கா, அவளைக் கேளுங்க.' இவ்வளவுதான். சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது. வேஷக்காரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஸ்டமர்" என்றாள் தையற்காரி. "எந்திரிங்க மேடம், தோள் அளவு எடுக்கணும்."

வேஷக்காரி எழுந்து நின்றாள். டேப் தோளில் விழுந்தது. அவன் அவசரப்படவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, தையற்காரியின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் வேஷக்காரிக்கு விளங்கியது. தேடுகிறான். தான் சீரழித்த முகம் எது என்று அவனுக்கே நினைவில்லை. டீச்சர் தினமும் அவன் கடை வாசலைத் தாண்டித்தான் கார் ஓட்டுகிறாள். அவனுக்குத் தெரியவில்லை. அவள் இத்தனை வருடம் ஒரு வாய் பால் குடிக்காமல் இருக்கிறாள், இவனுக்கு முகம்கூட ஞாபகம் இல்லை! கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வேஷக்காரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் பெரிய இடத்துல இருந்து ஆளுங்க வர்றாங்களாம்" என்றான் அவன், பொதுவாக. "கேள்வியெல்லாம் கேப்பாங்களாம். வயசான காலத்துல தேவையில்லாத ஞாபகம் எல்லாம் உடம்புக்கு ஆகாதும்மா. பொண்ணு ஹாஸ்டல்ல தனியா இருக்குல்ல?"

தையற்காரியின் கையிலிருந்து டேப் நழுவிக் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். காகிதப் பையிலிருந்து இன்னொரு டின்னை எடுத்து மெஷின் பலகையில் வைத்தான்.

"குடிச்சிட்டுத் தூங்குங்க. ஒண்ணும் நடக்கல."

அவன் பாலமேறி மறையும்வரை இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தையற்காரி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. அதுக்கு என்ன அர்த்தம்? உங்க முகம் அப்பவே பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

எவ்வளவு சொல்லலாம்? வேஷக்காரி சொற்களைப் பொறுக்கி எடுத்தாள்.

"அறிக்கையில பால் டின்னைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்லைங்க. நான் எடுத்துட்டேன். அது என்கிட்ட சொன்னவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தவனுக்குத் தெரியும்."

தையற்காரி அலமாரியைப் பார்த்தாள். டின்களைப் பார்த்தாள். புரிந்தது மெதுவாகத்தான் அவள் முகத்தில் ஏறியது.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு அவனே வந்து சொல்லிட்டுப் போறானா?"

"ஆமாங்க."

"அப்ப என்னை யாருன்னு நினைக்கிறானோ அந்தப் பொம்பளை... அவளுக்கு இதையேதான் குடுத்தானா? இதையே சொன்னானா?"

வேஷக்காரி தலையசைத்தாள். தையற்காரி எழுந்து போய், அவன் கடைசியாக வைத்த டின்னைத் துணியால் பிடித்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் அது அழுகை மாதிரி தெரியவில்லை.

"அவ யாரு?"

"சொல்ல முடியாதுங்க."

"வேணாம், சொல்லாதீங்க. தெரிஞ்சா நானும் பாவம்னு பார்ப்பேன்."

வேஷக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்க திரைக்குப் பின்னாடி இருந்து நடந்ததைச் சொல்வாங்க. அதுல இந்தப் பால் டின்னும் வரும். நீங்க அவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். இந்தக் கடைக்கு ஒருத்தன் வந்தான், இதை வெச்சான், இதைச் சொல்லி மிரட்டினான்னு உங்களுக்கு நடந்ததை மட்டும் சொன்னா போதும். ரெண்டையும் குழு சேர்த்துப் பார்த்துக்கும். உங்க பொண்ணை இன்னிக்கே நான் ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்துடறேன், எங்க வீட்ல பாதுகாப்பா இருக்கட்டும். நீங்க மாட்டேன்னு சொன்னாலும் கூட்டிட்டு வருவேன். உங்களைக் கேக்கற தகுதி எனக்கு இல்ல. ஆனாலும் கேக்கறேன்."

பாலத்தின் மேல் ஒரு பேருந்து போனது. கடைக் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"பயமா இருக்கு" என்றாள் தையற்காரி. "இப்பவே கடையைச் சாத்திட்டு அக்கா வீட்டுக்குப் போயிடலாம் போல இருக்கு."

"போங்க. தப்பே இல்ல. நான் கொண்டு போய் விடறேன்."

"போனா? ஆமா, அவதான், அதான் ஓடிட்டான்னு ஊர் முடிவே பண்ணிடும்." அவள் டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். "எழுதுங்க."

வேஷக்காரி பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். பழக்கதோஷம், வாய் தானாகவே கேட்டது: "உங்களுக்கு என்ன பேர் போடலாம்? தொழிலை மாத்திடலாம். ஊரையும்..."

தையற்காரி சிரித்துவிட்டாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து வேஷக்காரி கேட்ட முதல் சிரிப்பு அது, அதுவும் கசந்துதான் வந்தது.

"மறுபடியும் வேஷமா? நீங்க மாத்தினது போதும் தாயே. கேக்காமலே என்னை எழுதினீங்க. இப்ப கேட்டு எழுதுங்க. என் பேரு, என் கடை, இந்தப் பாலம், எல்லாம் அப்படியே இருக்கணும். இன்னொண்ணு. அந்த டைலரை நான்தான் இட்டுக்கட்டினேன், இந்தம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு நீங்களும் அங்க நின்னு உங்க வாயால சொல்லணும். உங்க பேரைச் சொல்லி."

சொன்னால் வேலை போகும். இயக்குநர் முகத்தில் விழிக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். டைலர் இல்லையென்று ஆனபின் ஊர் மறுபடி தேட ஆரம்பிக்கும், அதற்குள் அவன் உள்ளே இருக்க வேண்டும். எல்லாம் ஒரு கணத்தில் வந்து போயின.

"சொல்றேன்" என்றாள்.

தையற்காரி தன் பெயரைச் சொன்னாள். வேஷக்காரி அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினாள். இத்தனை வருடத்தில் ஒரு பெயரை உள்ளபடி எழுதுவது அவள் கைக்குப் புதிதாக இருந்தது. அவன் வந்தது, அளவு கொடுத்தது, டின் வைத்தது, மகளைச் சொல்லி மிரட்டியது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள். முடிந்ததும் முதலிலிருந்து படித்துக் காட்டினாள்.

"'...பாலம் இறங்கியதும் இடது கைப் பக்கம் உள்ள கடை. தையல் மெஷினின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைக்கப்பட்டுள்ளது...'"

"இருங்க, இருங்க. இன்னும் அந்தச் செங்கலை விடலையா நீங்க?" தையற்காரி குனிந்து மெஷினுக்கு அடியில் விரலை நீட்டினாள். "நல்லாப் பாருங்க. அதை எடுத்து ரெண்டு வருஷமாச்சு. மரக்கட்டை."

வேஷக்காரி குனிந்து பார்த்தாள். மரக்கட்டைதான்.

"சரியா எழுதுங்க" என்றாள் தையற்காரி.